வாசலுக்கு வெளியே அமர்ந்த ஃபபியோலா



லூக்கா நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் ஒரு விருந்து நடக்கிறது. சீமோன் என்ற பரிசேயர் இயேசுவைத் தம்மோடு உண்பதற்கு அழைத்திருக்கிறார். இயேசு வந்து பந்தியில் அமர்கிறார். அந்த நகரில் பாவி என்று எல்லாராலும் அறியப்பட்ட ஒரு பெண், யாரும் அழைக்காமலேயே உள்ளே வந்து, அவருடைய காலடியில் நின்று அழுகிறார். கண்ணீரால் காலை நனைத்து, கூந்தலால் துடைத்து, முத்தமிட்டு, நறுமணத் தைலம் பூசுகிறார்.

இந்தப் பகுதியை மன்னிப்பைப் பற்றிய பகுதியாகவே நாம் வாசித்துப் பழகியிருக்கிறோம். அது சரிதான். ஆனால் இயேசு சீமோனிடம் பேசுவதை ஊன்றிக் கேட்டால், வீட்டுக்கு வந்த விருந்தினர் ஒருவரின் மனக்குறையும் அதில் தெரிகிறது. கால் கழுவத் தண்ணீர் தரவில்லை, முத்தமிட்டு வரவேற்கவில்லை, தலையில் எண்ணெய் பூசவில்லை என்று ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டுகிறார். சீமோன் அழைத்தார், ஆனால் வரவேற்கவில்லை. வீட்டுக்காரர் செய்யாமல் விட்ட மூன்றையும் செய்தவர் அந்த வீட்டுக்குள் நுழையவே தகுதியில்லாதவர் என்று கருதப்பட்ட அந்தப் பெண். அப்படியானால் அன்று இயேசுவுக்கு விருந்தோம்பியவர் யார்?

இந்தக் கேள்வி எனக்குள் எழும்போதெல்லாம் நினைவுக்கு வருபவர் நான்காம் நூற்றாண்டில் உரோமையில் வாழ்ந்த ஒரு பெண்மணி. பெயர் ஃபபியோலா. திருவிழா எடுத்து, தேர் இழுத்து நாம் கொண்டாடும் புனிதர்களின் வரிசையில் அவர் இல்லை. நம் ஊர்ப் பக்கம் அவர் பெயரில் ஒரு கெபிகூட நான் பார்த்ததில்லை. கர்தினால் வைஸ்மன் 1854ஆம் ஆண்டில் எழுதிய 'ஃபபியோலா' என்ற நாவலைச் சிலர் படித்திருக்கலாம். அந்த ஃபபியோலா கற்பனைப் பாத்திரம். நான் சொல்வது உண்மையாகவே வாழ்ந்தவரைப் பற்றி.

அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தவை பெரும்பாலும் புனித ஜெரோம் எழுதிய ஒரு கடிதத்திலிருந்து வருகின்றன. எரோணிமுஸ் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அவர்தான். திருவிவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த மாமேதை. கூடவே, கோபக்காரர், கூர்மையான நாக்கு உடையவர். ஃபபியோலா இறந்த மறு ஆண்டு, அதாவது கி.பி. 400இல், பெத்லகேமில் இருந்துகொண்டு, ஒசேயானுஸ் என்ற நண்பருக்கு அந்தக் கடிதத்தை எழுதினார். அவரது கடிதத் தொகுப்பில் அது 77ஆவது. புகழ்ந்து எழுதப்பட்ட கடிதம் என்பதை மறந்துவிடாமல் படிக்க வேண்டும். ஃபபியோலா தாமே எழுதிய ஒரு வரிகூட நம் கைக்கு வரவில்லை. ஆனாலும் ஜெரோம் அவருடைய பாவத்தை மூடி மறைக்கவில்லை. அதிலிருந்துதான் தொடங்குகிறார். அதனால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஃபபியோலா உரோமையின் மிகப் பழமையான உயர்குடிகளில் ஒன்றான ஃபாபியுஸ் குலத்தில் பிறந்தவர். இளவயதிலேயே திருமணம் ஆனது. கணவன் ஒழுக்கங்கெட்டவன். அவனுடைய நடத்தையை ஓர் அடிமைப் பெண்ணோ, ஒரு விலைமகளோகூடப் பொறுத்திருக்க முடியாது என்று ஜெரோம் எழுதுகிறார். அதற்கு மேல் விவரம் சொல்ல மறுத்துவிடுகிறார். அவன் பெயரையும் சொல்லவில்லை. ஃபபியோலா அவனை விட்டு விலகினார். விலகியதை ஜெரோம் குறை சொல்லவே இல்லை. மாறாக, அந்த இடத்தில் அந்தக் காலத்துக்கு மிகத் துணிச்சலான ஒன்றைச் சொல்கிறார். உரோமைச் சட்டத்தின்படி மணமான பெண் வழிதவறினால் குற்றம். மணமான ஆண் அடிமைப் பெண்களிடமோ விலைமகளிரிடமோ போனால் யாரும் கேட்கமாட்டார்கள். கிறிஸ்தவர்களிடையே அப்படி இல்லை, பெண்ணுக்கு எது தகாதோ அது ஆணுக்கும் தகாது என்கிறார் ஜெரோம். பேரரசரின் சட்டம் வேறு, கிறிஸ்துவின் சட்டம் வேறு. சட்ட அறிஞர் பாப்பினியன் சொல்வது ஒன்று, நம்முடைய பவுல் சொல்வது வேறொன்று என்று வாதிடுகிறார். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு துறவி எழுதிய நியாயம் இது. இன்றும் நம் குடும்பங்களில் மகனுக்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயம் இருக்கத்தானே செய்கிறது?

சிக்கல் அடுத்து வந்தது. முதல் கணவன் உயிரோடு இருக்கும்போதே ஃபபியோலா மறுமணம் செய்துகொண்டார். நாட்டுச் சட்டம் அதை அனுமதித்தது. திரு அவை அனுமதிக்கவில்லை. அவர் இளவயதினர், தனியாக வாழும் வலிமை இல்லாதிருந்தார் என்று ஜெரோம் அவருக்காகப் பரிந்து பேசுகிறார். ஆனால் செய்தது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறார்.

பிறகு இரண்டாவது கணவரும் இறந்துபோனார். ஃபபியோலா இப்போது செல்வம் மிகுந்த கைம்பெண். உரோமையில் அந்த நிலையில் இருந்த சீமாட்டிகள் என்ன செய்வார்கள் என்று ஜெரோம் தமக்கே உரிய கிண்டலோடு சொல்கிறார்: நுகத்தடி கழன்றது என்று எண்ணி, பொதுக் குளியல் மண்டபங்களுக்குப் போவார்கள், முகப்பூச்சோடு வீதிகளில் உலா வருவார்கள். ஃபபியோலா கோணித்துணி உடுத்தினார். பாஸ்காவுக்கு முந்திய நாள், இலாத்தரன் பேராலயத்தில், உரோமை மக்கள் எல்லாரும் பார்க்க, பாவப் பரிகாரம் செய்வோரின் வரிசையில் போய் நின்றார். தலைவிரி கோலம், நிறம் வெளிறிய முகம். ஆயரும் குருக்களும் மக்களும் அவரோடு சேர்ந்து அழுதார்கள் என்று கடிதம் சொல்கிறது.

இங்கே சற்று நின்று அந்தக் கால நடைமுறையை விளக்கியாக வேண்டும். இன்று நாம் ஒப்புரவு அருளடையாளத்துக்குப் போகும்போது, குருவின் காதுக்கு மட்டும் கேட்கும்படி பேசுகிறோம். எத்தனை முறை விழுந்தாலும் எத்தனை முறையும் போகலாம். நான்காம் நூற்றாண்டில் அப்படி இல்லை. பெரும் பாவம் செய்தவர் எல்லாரும் அறியப் பரிகாரம் செய்பவர்களின் கூட்டத்தில் சேர்க்கப்படுவார். நற்கருணை விருந்தில் பங்கு கிடையாது. மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் அப்படி இருந்து, பிறகு ஆயர் கை வைத்துச் செபித்து அவரை மீண்டும் திரு அவையோடு சேர்த்துக்கொள்வார். வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் இந்த வாய்ப்பு. அது முடிந்த பிறகும் பல கட்டுப்பாடுகள் உண்டு. அதனால் பலர் சாகும் தறுவாய்வரை அதைத் தள்ளிப்போட்டார்கள். 390ஆம் ஆண்டு தெசலோனிக்காவில் ஆயிரக்கணக்கானோரைப் படுகொலை செய்யக் காரணமான பேரரசர் தெயோதோசியுஸைக்கூட மிலான் ஆயர் புனித அம்புரோஸ் இந்த வரிசையில் நிற்கவைத்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பேரரசரை ஓர் ஆயர் கண்டித்து அழைத்துவர வேண்டியிருந்தது. ஃபபியோலா தாமாகவே வந்து நின்றார்.

அவர் ஆலயத்துக்குள் நுழையவில்லை. மோசேயின் சகோதரி மிரியாம் பாளையத்துக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டதுபோல வெளியே அமர்ந்தார், விலக்கிய குருவே தம்மைத் திரும்ப அழைக்கட்டும் என்று காத்திருந்தார் என்கிறார் ஜெரோம். எண்ணிக்கை நூல் 12ஆம் அதிகாரத்தில் வரும் நிகழ்ச்சி அது. மிரியாம் வெளியே இருந்த அந்த ஏழு நாளும் இஸ்ரயேல் மக்கள் புறப்படாமல் காத்திருந்தார்கள் என்றும் அங்கே வாசிக்கிறோம். அந்த வரியை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஒதுக்கப்பட்டவர் திரும்பி வரும்வரை பயணம் நின்றது. ஃபபியோலாவையும் திரு அவை அப்படித்தான் திரும்ப அழைத்து, மக்கள் கண்முன் நற்கருணை விருந்தில் சேர்த்துக்கொண்டது.

சிலரை நாம் அழைக்காமலே விட்டுவிடுகிறோம். என் கதை ஒன்றைச் சொல்கிறேன். நான் இளம் குருவாகப் பணியாற்றிய ஒரு பங்கில் ஓர் அம்மா இருந்தார். கணவர் விட்டுவிட்டுப் போனபின் வேறொருவரோடு குடும்பம் நடத்திவந்தார். ஞாயிறுதோறும் கடைசி வரிசைக்கும் பின்னால், கதவை ஒட்டி உட்காருவார். ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் உலை வைப்பது அவர்தான். துக்க வீட்டாருக்குக் கஞ்சியும் காப்பியும் அவர் வீட்டிலிருந்துதான் போகும். ஒருமுறை அன்பியக் கூட்டத்தை அவர் வீட்டில் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். திருச்சட்டம் இன்னது என்று எனக்குத் தெரியும். அதை மீறும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து செபமாலை சொல்வதற்கு எந்தச் சட்டமும் தடையாக இருக்கவில்லை. அந்தப் பங்கை விட்டு மாற்றலாகும்வரை அவர் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட நான் குடித்ததில்லை. சீமோன் இயேசுவுக்குத் தராமல் விட்ட தண்ணீரைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம், நான் வாங்கிக் குடிக்காமல் விட்ட அந்தத் தண்ணீர் நினைவுக்கு வருகிறது. 2016ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் 'அன்பின் மகிழ்வு' என்ற திருத்தூது ஊக்கவுரையின் எட்டாம் அதிகாரத்தில், இப்படிப்பட்ட குடும்பங்களோடு உடன்நடக்கவும், தெளிந்து தேரவும், அவர்களைத் திரு அவை வாழ்வில் இணைக்கவும் குருக்களைக் கேட்டுக்கொண்டபோது, அந்த அம்மாவைத் தேடிப் போனேன். குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது என்றார்கள்.

ஃபபியோலாவின் கதைக்குத் திரும்புவோம்.

மன்னிப்புப் பெற்றதோடு நின்றுவிடாமல், கைக்கு வந்த சொத்தையெல்லாம் விற்றுக் காசாக்கினார். குலத்தின் பெருமைக்கு ஏற்ற பெருஞ்சொத்து. அந்தப் பணத்தைக் கொண்டு, ஏறத்தாழ 390ஆம் ஆண்டில், உரோமையில் நோயாளிகளுக்கான இல்லம் ஒன்றைத் தொடங்கினார். இதைச் செய்த முதல் ஆள் இவரே என்கிறார் ஜெரோம். உரோமை நகரின் வரலாற்றில் ஏழைகளுக்கென்று தோன்றிய முதல் மருத்துவமனை அதுதான்.

அதற்கு முன்பு நோயாளிகளே இல்லையா, மருத்துவர்களே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தார்கள். போர்வீரர்களுக்கு முகாம்களில் மருத்துவக் கூடங்கள் இருந்தன. பெரும் பண்ணைகளில் அடிமைகளுக்கும் இருந்தன; வேலைக்கு ஆள் வேண்டுமே. பணக்காரர் வீட்டுக்கு மருத்துவர் வருவார். வீடும் இல்லாமல் முதலாளியும் இல்லாமல் நோயில் விழுந்தவனுக்குத்தான் இடமில்லை. டைபர் ஆற்றின் நடுவே ஒரு தீவு உண்டு. அங்கே குணமளிக்கும் தெய்வம் என்று நம்பப்பட்ட எஸ்குலாப்பியுஸின் கோவில் இருந்தது. வைத்தியச் செலவுக்கு அஞ்சிய முதலாளிகள் நோயுற்ற அடிமைகளை அந்தத் தீவில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது வழக்கமாகிப்போனது. அப்படி விடப்பட்டவர்கள் பிழைத்துக்கொண்டால் அவர்கள் விடுதலை பெற்றவர்கள் என்று பேரரசர் கிளாவுதியுஸ் ஆணையிட்டதாக சுவெத்தோனியுஸ் எழுதியிருக்கிறார். நல்ல ஆணைதான். ஆனால் பிழைப்பதற்கு ஒரு வழியும் அதில் சொல்லப்படவில்லை.

கிழக்கே காற்று முன்னமே வேறு திசையில் வீசத் தொடங்கியிருந்தது. கப்பதோக்கியா நாட்டின் செசரியாவில், 369ஆம் ஆண்டை ஒட்டி வந்த கொடிய பஞ்சத்துக்குப் பின், புனித பேசில் நகருக்கு வெளியே வழிப்போக்கருக்கும் நோயாளிகளுக்கும் தொழுநோயாளருக்கும் இல்லங்கள் கட்டினார். அவருடைய நண்பர் நசியான்சு நகர் புனித கிரகோரி அதை ஒரு புதிய நகரம் என்றே வர்ணித்தார். தொழுநோயாளரை பேசில் முத்தமிட்டு வரவேற்றதையும் குறிப்பிட்டார். அதற்கும் முன்பே, கிறிஸ்தவத்தை விட்டு விலகிப் பழைய தெய்வங்களை மீட்டெடுக்க முயன்ற பேரரசர் ஜூலியனின் பெயரில் 362ஆம் ஆண்டைச் சேர்ந்த கடிதம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. கலாத்தியா நாட்டுத் தலைமைப் பூசாரிக்கு எழுதியது. அந்நியரை உபசரிப்பதால்தான் கிறிஸ்தவர்கள் வளர்கிறார்கள், ஆகவே நீங்களும் ஊருக்கு ஊர் சத்திரம் கட்டுங்கள் என்று அதில் ஆணை இருக்கிறது. செலவுக்கு ஆண்டுதோறும் 30,000 மரக்கால் அளவில் தானியமும் ஒதுக்கப்படுகிறது. எதிரியின் கையெழுத்தில் வந்த நற்சான்று என்பார்களே, அது இதுதான்.

ஆனால் ஃபபியோலா பணம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கவில்லை. தெருக்களிலும் சதுக்கங்களிலும் கிடந்தவர்களைச் சேகரித்துக் கொண்டுவந்தார். அவர்களுடைய நிலையை ஜெரோம் நீளமாகப் பட்டியலிடுகிறார். மூக்கறுந்தவர்கள், கண் பறிபோனவர்கள், பாதி வெந்த கால்கள், அழுகும் சதை. வானொலியில் முழுவதையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, உங்களில் சிலர் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். சீழ் வடியும் காயங்களைப் பிறர் பார்க்கவே கூசியபோது அவர் தம் கையால் கழுவினார். நோயாளிகளைத் தம் தோளில் சுமந்தார். உணவைத் தாமே ஊட்டினார். இரக்கமுள்ள செல்வந்தர் பலரும் இப்படிப்பட்ட வேலையை வேலையாட்களை வைத்துத்தான் செய்வார்கள், பணத்தால் கருணை காட்டுவார்கள், கையால் அல்ல என்று ஜெரோம் சொல்வது சற்றுக் குத்தலாகவே இருக்கிறது. அவர்களைத் தாம் குறை சொல்லவில்லை என்றும் உடனே சேர்த்துக்கொள்கிறார்! அந்த இல்லத்தின் கவனிப்பைப் பார்த்து, உடல்நலத்தோடு இருந்த ஏழைகள் பலர் நோயாளிகளைக் கண்டு பொறாமைப்பட்டார்களாம்.

395ஆம் ஆண்டு ஃபபியோலா எதிர்பாராத விதமாகக் கப்பலேறிப் புனித நாட்டுக்குப் போனார். பெத்லகேமில் ஜெரோமின் இல்லத்தில் விருந்தாளியாகத் தங்கினார். அங்கே முன்பே, உரோமைச் சீமாட்டியான புனித பவுலா, துறவு மடங்களோடு, சாலையோரத்தில் திருப்பயணிகளுக்கு ஒரு விடுதியும் கட்டியிருந்தார். மரியாவுக்கும் யோசேப்புக்கும் இந்த ஊரில்தான் இடம் கிடைக்காமல் போனது என்பதுதான் அவர் சொன்ன காரணம். அந்த விடுதிக்கு உலகின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்து, செலவு கட்டுப்படியாகாமல், ஜெரோம் தம் தம்பி பவுலினியானுஸை ஊருக்கு அனுப்பி, படையெடுப்புகளில் தப்பிய குடும்பச் சொத்தின் மிச்சத்தை விற்கச் சொன்னார் என்பது இன்னொரு கடிதத்தில் இருக்கிறது. விருந்தோம்பலில் கைப்பிடிப்பு யாருக்கும் வருவதுதான். புனிதர்களுக்கும் வந்திருக்கிறது.

ஃபபியோலா அங்கே விருந்துண்ண வந்தவர் அல்லர். ஜெரோமைக் கேள்விகளால் துளைத்தெடுத்தார். நம்மில் பலர் எண்ணிக்கை நூலைத் திறந்து, பெயர்ப் பட்டியலைப் பார்த்ததும் மூடிவிடுவோம். அவர் அந்தப் பட்டியலைப் பற்றியே கேட்டார். ஏன் இத்தனை பெயர்கள்? எகிப்தை விட்டு வந்த மக்கள் பாலைவனத்தில் பாளையம் இறங்கிய இடங்கள் எதைக் குறிக்கின்றன? ஜெரோம் தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தார். அவர் விடவில்லை. அந்த இடங்களைப் பற்றித் தனியாக எழுதித் தருவதாக ஜெரோம் வாக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. பாளையத்துக்கு வெளியே ஒருகாலத்தில் அமர்ந்திருந்தவர், பாளையங்களைப் பற்றி இவ்வளவு கேட்டதில் எனக்கு வியப்பில்லை.

அவருக்கு அங்கே ஒரு தகுந்த வீடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனிமை வேண்டும், ஆனால் மரியாவின் விடுதியை விட்டுத் தள்ளிப் போகக்கூடாது என்பது அவருடைய ஆசை. அதற்குள் ஹூணர்கள் காக்கேசிய மலைகளைக் கடந்து வந்துவிட்டார்கள், எருசலேமை நோக்கி வருகிறார்கள் என்ற செய்தி பரவியது. ஜெரோமும் கூட இருந்தவர்களும் கடற்கரைக்கு ஓடி, கப்பல்களை ஆயத்தமாக வைத்துக் காத்துக் கிடந்தார்கள். ஆபத்து விலகியது, மற்றவர்கள் பெத்லகேமுக்குத் திரும்பினார்கள். ஃபபியோலா உரோமைக்குப் போனார். போன இடத்திலும் சொந்த வீடு என்று எதுவும் இல்லை. சொத்தை எல்லாம் கொடுத்துவிட்டவர் அல்லவா? தாம் பலரை விருந்தினராக ஏற்ற நகரிலேயே பிறர் வீட்டில் தங்கி வாழ்ந்தார்.

அந்தக் கடைசி ஆண்டுகளில்தான் துறைமுகத்து வேலை நடந்தது. உரோமைக்கான கப்பல்கள் எல்லாம் வந்து சேரும் இடம் போர்த்துஸ். கிளாவுதியுஸ் தொடங்கி, திராயான் அறுகோண வடிவக் கப்பல் துறை வெட்டிப் பெரிதாக்கிய துறைமுகம். இன்று உரோமைக்கு விமானத்தில் போகிறவர்கள் இறங்கும் ஃபியுமிச்சீனோ அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. கப்பலில் வந்து இறங்கும் ஏழைக்கு, நோயாளிக்கு, திருப்பயணிக்கு அங்கே யார் இருந்தார்கள்? பம்மாக்கியுஸ் என்ற செனட்டருக்கும் இதே கவலை. அவர் பவுலாவின் மருமகன். மனைவி பவுலினா இறந்தபோது, புனித பேதுரு பேராலயத்தில் உரோமையின் ஏழைகளை எல்லாம் கூட்டி உணவளித்தவர். துறைமுகத்தில் ஆபிரகாமின் கூடாரத்தை யார் முதலில் அடிப்பது என்று இந்த இருவருக்கும் ஒரு போட்டியே நடந்ததாம். முடிவில் இருவரும் வென்றார்கள், இருவரும் தோற்றார்கள். தனித்தனியே செய்ய நினைத்ததைச் சேர்ந்து செய்தார்கள் என்கிறார் ஜெரோம். மம்ரே மரத்தடியில் வெயில் நேரத்தில் வந்த மூன்று பேரை ஆபிரகாம் ஓடிப்போய் வரவேற்றாரே, அந்த மரத்தின் ஒரு கிளை இத்தாலியக் கரையில் நடப்பட்டது என்பது அவருடைய உவமை.

அந்த விடுதிக்குக் கிரேக்கத்தில் 'செனோதோக்கியோன்' என்று பெயர். 'செனோஸ்' என்றால் அந்நியன். அதே சொல்லுக்கு விருந்தினன் என்றும் பொருள். நம் தமிழிலும் விருந்து என்ற சொல்லின் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியம் அந்தப் பொருளில் அதைக் கையாள்கிறது. முன்பின் தெரியாமல் புதிதாக வருகிறவர்தான் விருந்து. சொந்தக்காரரையும் நண்பரையும் கூப்பிட்டுச் சோறு போடுவதை நம் முன்னோர் அந்தச் சொல்லால் முதலில் குறித்திருக்கமாட்டார்கள். சீமோனின் வீட்டில் அழைப்பில்லாமல் நுழைந்த அந்தப் பெண்தான் அன்று அங்கே உண்மையான விருந்து.

போர்த்துஸ் விடுதியின் செய்தி கப்பலோடு கப்பலாகப் பரவியது. வசந்த காலத்தில் எகிப்தும் பார்த்தியாவும் அறிந்ததைக் கோடையில் பிரித்தானியா அறிந்துகொண்டது என்று ஜெரோம் எழுதுகிறார். கப்பல் உடைந்து கரை சேர்ந்த பவுலுக்கு மால்தா தீவின் மக்கள் ஒருமுறை செய்த உபசாரத்தை இவர்கள் பலருக்கும் செய்துவந்தார்கள் என்றும் சொல்கிறார். மால்தாவுக்கு அருகிலும் அதைச் சுற்றியும் இன்று அகதிகளின் படகுகள் கவிழ்வதைச் செய்திகளில் கேட்கிறோம். கடல் அதே கடல்தான்.

ஃபபியோலா 399ஆம் ஆண்டின் இறுதியில் இறந்தார். டிசம்பர் 27 அவருடைய நினைவு நாளாக வழங்கிவருகிறது. தெருக்கள், மண்டபங்கள், கூரைகள் எங்கும் மக்கள் நிறைந்து, இடம் போதவில்லை. போர்களில் வென்று திரும்பிய பொம்பேயுக்கும் சிப்பியோவுக்கும் உரோமை எடுத்த வெற்றி ஊர்வலங்களை எல்லாம் இந்த இறுதி ஊர்வலத்துக்குக் கீழே வைக்கிறார் ஜெரோம். மனம் மாறிய ஒருவரைக் குறித்து வானதூதர்கள் மகிழ்ந்திருக்கும்போது, மனிதர்கள் மகிழ்வதில் என்ன வியப்பு என்று கேட்கிறார். உயிரோடு இருந்தபோது தராமல் தள்ளிப்போட்டிருந்த அந்த எழுத்தையும் இப்போதுதான் முடித்து அனுப்பினார். பாலைவனத்தின் 42 பாளையங்களைப் பற்றிய கடிதம் அது. ஃபபியோலா கேட்ட கேள்விகளுக்கு ஃபபியோலா படிக்க முடியாத பதில்.

இதற்குப் பத்து ஆண்டுகள்தாம் கழிந்தன. 409இல் அலாரிக்கின் படை போர்த்துஸ் துறைமுகத்தைக் கைப்பற்றியது. 410 ஆகஸ்டில் உரோமையே வீழ்ந்தது. மூன்று நாள் கொள்ளை. தப்பியவர்கள் கிடைத்த கப்பலில் ஏறி ஆப்பிரிக்காவுக்கும் எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் ஓடினார்கள். ஃபபியோலாவுக்குத் தெரிந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அவர்களில் இருந்திருக்க வேண்டும். பெருமாளிகைகளில் வாழ்ந்த ஆண்களும் பெண்களும் கந்தலோடு, கையேந்தி, நாள்தோறும் பெத்லகேமுக்கு வந்து சேர்ந்தார்கள். பவுலா கட்டிய சாலையோர விடுதி அவர்களால் நிறைந்தது. ஜெரோம் அப்போது முதியவர். எசேக்கியேல் இறைவாக்கினருக்கு விளக்கவுரை எழுதிக்கொண்டிருந்தார். வேலை நின்றுபோனதற்கு அந்த நூலின் மூன்றாம் பகுதியின் முன்னுரையில் காரணம் சொல்கிறார்: வந்தவர்கள் எல்லாருக்கும் உதவி செய்ய முடியவில்லை, அவர்களோடு சேர்ந்து அழ மட்டுமே முடிந்தது; ஆகவே எழுதுவதை நிறுத்தி வைத்துவிட்டு, அவர்களைக் கவனிக்கப் போய்விட்டார்.